ஏரிக்கரையில் வீடு வாங்கும்போது தண்ணீரை எப்படி எடை போடுவது?

நித்தியமல்லி (இழையைத் தொடங்கியவர்):

எல்லோருக்கும் வணக்கம். ஏரிக்கரையில் குடியேற வீடு பார்க்கிறோம். மூத்தவனுக்கு ஏழு வயது, இளையவளுக்கு மூன்று. மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். பார்த்தவற்றில் இரண்டு வீடுகள் மனத்தில் நிற்கின்றன. இரண்டும் ஒரே ஏரியின் கரையில்தான்.

முதல் வீடு, ஏரி உள்வாங்கி வளைந்த ஒரு குடாவில் ஒதுங்கி நிற்கிறது. அலை கிடையாது, ஆழமும் முழங்கால் அளவுதான். சீராக வெட்டிய புல்தரை தண்ணீர் வரைக்கும் இறங்குகிறது. சின்னவள் கால் நனைத்து விளையாட இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்பது என் கணவரின் கட்சி. இரண்டாவது வீடு திறந்த கரையில் இருக்கிறது. ஓயாத காற்று, கரையெங்கும் நாணலும் கோரையும், வீடும் பழையது.

இரண்டு இடத்திலும் அடிமணல் தெரியும் அளவுக்குத் தண்ணீர் தெளிவாகவே இருந்தது. முதல் வீட்டுக்காரர் ஓர் ஆய்வறிக்கையையும் நீட்டினார். எல்லாம் வரம்புக்குள் என்று போட்டிருக்கிறது. குடிக்கவும் சமைக்கவும் கரையை ஒட்டிய கிணற்று நீர். வீட்டின் மற்ற விஷயங்களோடு வைத்துப் பார்த்தால் தண்ணீருக்கு எவ்வளவு இடம் கொடுப்பது? எதைப் பார்த்து முடிவு செய்வது?

சோதனைக்குழாய்:

நீர் ஆய்வகத்தில் வேலை செய்கிறவன் என்பதால் அந்த அறிக்கையிலிருந்தே தொடங்குகிறேன். மாதிரி எடுத்த தேதி என்ன? கிணற்றில் எடுத்தார்களா, ஏரியிலா? எவற்றையெல்லாம் சோதித்தார்கள்? இவற்றுக்குப் பதில் இல்லாத "வரம்புக்குள்" எதற்கும் உதவாது.

வாய்க்குள் போகும் கிணற்று நீர் வேறு, பிள்ளைகள் இறங்கி விளையாடும் ஏரி நீர் வேறு. அளவுகோல்களும் வேறு. கிணற்றுக்கு நைட்ரேட், கோலிஃபார்ம் கிருமிகள், ஆர்செனிக் போன்றவை. நைட்ரேட்டில் பலரும் குழம்புவார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 50 மில்லிகிராம், அமெரிக்க வரம்பு 10 மில்லிகிராம். முன்னது நைட்ரேட்டை முழுதாக எடை போடுகிறது, பின்னது அதிலுள்ள நைட்ரஜனை மட்டும். ஆக, இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான். அறிக்கையில் 9 என்று இருந்தால் எந்தக் கணக்கில் 9 என்று கேளுங்கள். ஒன்றில் அது நிம்மதி, மற்றொன்றில் வரம்பின் விளிம்பு. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தை வரப்போகும் வீடு என்றால் இதுதான் முதல் கேள்வி. நைட்ரேட் மிகுந்த நீர், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் கெடுத்துக் குழந்தையின் உடலை நீலம் பாரிக்கச் செய்யும்.

ஏரி நீருக்கு, மலம் கலந்ததைக் காட்டும் ஈ.கோலி கிருமியின் எண்ணிக்கையும் நீலப்பச்சைப்பாசியின் நச்சும் முக்கியம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டுக் குளிநீர் நெறிமுறை, ஏரி, ஆறு போன்ற நீர்நிலைகளில் 100 மில்லிலிட்டருக்கு 500 ஈ.கோலி வரை மிக நன்று என்கிறது. ஆனால் அது பொதுவாக நான்கு குளியல் பருவங்களின் மாதிரிகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்வது. ஒரு குவளை நீரை வைத்து ஏரிக்குச் சான்று கொடுக்க முடியாது.

படகுத்துறை:

பல வருடங்களாக ஏரிக்கரையில் குடியிருக்கிறேன். அறிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும், எனக்கு உங்கள் குடாதான் உறுத்துகிறது.

நீலப்பச்சைப்பாசி மிதக்கக்கூடியது, உடலுக்குள் நுண்ணிய காற்றுப்பைகள் உண்டு. காற்றடங்கிய வெயில் நாட்களில் மேலே ஏறி வரும். பிறகு மெல்லிய காற்று கிளம்பினாலும் போதும், அத்தனையையும் தள்ளிக்கொண்டு போய் ஒரு கரையில் ஒதுக்கிவிடும். ஏரியின் நடுவில் கண்ணுக்கே படாத அளவு பாசி, ஒதுங்கிய கரையில் பச்சைப் பெயிண்டைக் கொட்டியது போல் கிடக்கும். அதனால் "ஒரே ஏரிதான்" என்பதை நான் ஏற்கமாட்டேன். எங்கள் ஏரியில் எதிர்க்கரைக்காரர்கள் பிள்ளைகளைக் குளிக்க விடும் அதே நாளில், எங்கள் பக்கத்துக் குடாவில் நாயைக்கூட அவிழ்த்து விடுவதில்லை. நாய்தான் முதலில் மாட்டும். தண்ணீரையும் குடிக்கும், கரையேறி ரோமத்தையும் நக்கும். மூன்று வயதுப் பிள்ளையும் கையை வாயில் வைக்கும் வயதுதான்.

கோடை முடியும் தறுவாயில், காற்று அடங்கி இரண்டு மூன்று நாள் ஆன பிறகு, காலையில் போய்ப் பாருங்கள். விற்பவர் அந்த வாரத்தில் உங்களை அழைக்கமாட்டார், நீங்களாகத்தான் போக வேண்டும்.

கணக்குப்பிள்ளை:

கொஞ்சம் அதிகமாகவே பயமுறுத்துகிறீர்கள். அவர்கள் வாழப்போவது வீட்டுக்குள், ஏரிக்குள் அல்ல. கூரை, அஸ்திவாரம், வெள்ளம் ஏறுமா, பள்ளிக்கூடம் எவ்வளவு தொலைவு, ஆவணங்கள் சரியா, இவையெல்லாம் முதலில். குடிநீருக்கு நல்ல வடிகட்டி ஒன்றைப் பொருத்திவிட்டால் வேலை முடிந்தது. இல்லாவிட்டால் கொதிக்க வைத்துக் குடிக்கட்டும், நம் பெரியவர்கள் அதைத்தானே செய்தார்கள். பாசி வருகிற பத்து நாள் பிள்ளைகள் கரைக்குப் போகாமல் இருந்தால் என்ன நஷ்டம்?

சோதனைக்குழாய்:

கணக்குப்பிள்ளை எழுதியது: "இல்லாவிட்டால் கொதிக்க வைத்துக் குடிக்கட்டும்"

இந்த ஒரு வரியை மட்டும் யாரும் நம்பிவிட வேண்டாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உண்மைதான். நைட்ரேட் போகாது, நீர் ஆவியாகி அதன் செறிவு கூடத்தான் செய்யும். பாசியின் மைக்ரோசிஸ்டின் நச்சு கொதிநிலையைத் தாங்கும், செல்கள் உடைவதால் இன்னும் அதிகமாகக்கூட வெளியே வரும். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரத்தில் இதுதான் நடந்தது. ஈரி ஏரியில் பெருகிய பாசியின் நச்சு குழாய் நீரில் தென்பட்டதும், ஏறக்குறைய நான்கு லட்சம் பேரிடம் "குடிக்காதீர்கள், கொதிக்கவும் வைக்காதீர்கள்" என்றார்கள். முழுதாகச் சுத்திகரிப்பு நிலையம் வைத்திருந்த நகரத்துக்கே அந்தக் கதி.

வடிகட்டி என்று பொதுவாகச் சொல்வதும் சரியல்ல. புறஊதா விளக்கு கிருமியைக் கொல்லும். நைட்ரேட்டையும் உலோகத்தையும் தொடாது, கலங்கல் நீரில் கிருமியையே தவறவிடும். கரிவடிகட்டி நச்சைப் பிடிக்கும், ஆனால் கரி நிறைந்த பிறகு மாற்றாவிட்டால் பயனில்லை. ஆர்.ஓ. பெரும்பாலானவற்றை நிறுத்தும், அதற்கும் பராமரிப்பு வேண்டும், பெரும்பாலும் சமையலறைக் குழாய் ஒன்றுக்குத்தான் பொருத்துவார்கள். பல் தேய்ப்பதும் குளிப்பதும் எந்தக் குழாயில்?

குடிநீருக்காவது கருவி உண்டு. ஏரிக்கு வடிகட்டி கிடையாது. நீச்சல் குளத்தில் நடந்த ஓர் ஆய்வில் முக்கால் மணி நேரத்தில் பெரியவர்கள் சராசரியாக 16 மில்லிலிட்டர் நீரை விழுங்கினார்கள், சிறுவர்கள் 37 மில்லிலிட்டர். உடல் எடைக்குக் கணக்கிட்டால் வித்தியாசம் இன்னும் பெரியது. குளிக்கும் நீரில் மைக்ரோசிஸ்டினுக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 24 மைக்ரோகிராம். அமெரிக்கா 2019இல் சிறுவர்களை மனத்தில் வைத்து 8 என்று குறைத்து வைத்தது.

குழிவெட்டி:

செப்டிக் டேங்க் போடுவதும் பழுது பார்ப்பதும்தான் என் தொழில். எல்லோரும் ஏரியைப் பார்க்கிறீர்கள், நான் வீட்டின் பின்பக்கத்தைப் பார்ப்பேன்.

ஏரிக்கரை வீடுகள் பலவற்றில் பொதுச் சாக்கடை கிடையாது. தொட்டியும், அதிலிருந்து கழிவுநீர் மண்ணில் கசிந்து இறங்கும் உறிஞ்சு நிலமும்தான். கரையில் நிலத்தடி நீர் மேலேயே இருக்கும். உறிஞ்சு நிலத்துக்கும் நிலத்தடி நீருக்கும் நடுவில் உலர்ந்த மண் போதாவிட்டால், கிருமி வடிபடாமல் நேரே ஏரிக்கும் கிணற்றுக்கும் போகும். நைட்ரேட் எப்படியும் மண்ணில் நிற்பதில்லை. பாசிக்கு உரமாகும் பாஸ்பரஸ் நிற்கும், மண் அதைப் பிடித்துக்கொள்ளும் வரை. மண் நிறைவடைந்த பிறகு அதுவும் ஏரிக்குத்தான். கோடை வாசத்துக்கு இரண்டு பேருக்காகக் கட்டிய தொட்டியில் இப்போது ஆறு பேர் ஆண்டு முழுவதும் இருப்பார்கள், அதை யாரும் சொல்லமாட்டார்கள்.

கேட்க வேண்டியவை: தொட்டி எந்த ஆண்டு போட்டது, கடைசியாக எப்போது உறிஞ்சி எடுத்தார்கள் (மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை எடுக்க வேண்டும்), கிணறு எந்தப் பக்கம், உறிஞ்சு நிலம் எந்தப் பக்கம், சரிவு எதை நோக்கி. கிணறு கீழே, கழிவு மேலே என்றால் ஆய்வறிக்கை எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் வாங்கமாட்டேன். அக்கம்பக்கத்துத் தொட்டிகளும் உங்கள் கணக்கில் சேரும், குடாவில் வீடுகள் நெருங்கியிருந்தால் இன்னும் கூடுதலாக.

நித்தியமல்லி:

அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். ஒரே மாதிரி, கிணற்றில் எடுத்தது, குளிர்காலத்தில். கோலிஃபார்ம் இல்லை. நைட்ரேட் என்ற இடத்தில் எண் இருக்கிறது, சோதனைக்குழாய் ஐயா சொன்னபடி எந்தக் கணக்கு என்று எழுதவே இல்லை. ஏரி நீரைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. தொட்டி எங்கே என்று கேட்டதற்கு "எங்கேயோ தோட்டத்தில்" என்றார்.

நாமே ஏரியைச் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறதா? அல்லது எல்லாவற்றுக்கும் ஆய்வகம்தானா?

பழைய அளவுகோல்:

ஏரிகளை அளப்பதில் பணிக்காலத்தைக் கழித்தவன். அம்மா, ஒரு தட்டும் கயிறும் போதும், பாதி தெரிந்துவிடும். 1865இல் ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலிய வானியலாளர் மத்தியதரைக் கடலில் வெள்ளைத் தட்டுகளை இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகின்றன என்று பார்த்தார். இன்றும் ஏரிக்காரர்கள் 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள கறுப்பு வெள்ளைத் தட்டையே இறக்குகிறார்கள். கோடையில் 2 மீட்டருக்குள் தட்டு மறைந்தால் பெரும்பாலும் ஊட்டம் மிகுந்த ஏரி, பாசிக்குத் தீனி இருக்கிறது என்று பொருள். 4 மீட்டரைத் தாண்டியும் தெரிந்தால் மகிழ்ச்சி. ஒருநாள் அளவை நம்ப வேண்டாம். பல ஏரிகளில் தன்னார்வலர்கள் ஆண்டுக்கணக்காக இதை அளந்து பதிவு செய்கிறார்கள். அந்தப் பதிவைக் கேட்டு வாங்குங்கள். பத்து ஆண்டுகளில் தட்டு மேலே மேலே மறைந்துகொண்டு வருகிறதா என்பதுதான் வீடு வாங்குகிறவருக்குத் தேவையான செய்தி.

அடுத்தது, ஏரியைவிட்டு வெளியே வாருங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது? வரத்து வாய்க்கால் எத்தனை, அவை எந்த வயல்களையும் எந்தத் தெருக்களையும் கழுவிக்கொண்டு வருகின்றன? கனடாவின் ஒன்டாரியோவில் 226 என்று எண்ணிட்ட ஏரியை 1973இல் நடுவில் திரை போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். இருபுறமும் கார்பனும் நைட்ரஜனும் கொடுத்து, ஒருபுறம் மட்டும் பாஸ்பரஸைக் கூட்டினார்கள். அந்தப் பாதி மட்டும் பச்சையாக மாறியது. வானிலிருந்து எடுத்த அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் சோப்புத்தூளில் பாஸ்பேட் எதற்கு என்று கேட்கத் தொடங்கினார்கள். 1 கிலோ பாஸ்பரஸ் 500 கிலோ வரை ஈரப்பாசியை வளர்க்கும் என்பது எங்கள் துறையில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. தண்ணீர் வரைக்கும் இறங்கும் அந்த அழகிய புல்தரைக்கு உரம் போடுகிறார்களா என்று கேளுங்கள். நாணலும் கோரையும் மண்டிய இரண்டாவது கரை அசிங்கமாகத் தெரியலாம். மழைநீரோடு வரும் மண்ணையும் உரத்தையும் நிறுத்தி வைப்பது அந்தப் புதர்தான். புல் மேயும் பெருவாத்துகள் வெட்டிய புல்தரையில் எச்சமிட விரும்புகிற அளவுக்கு உயர்ந்த நாணலை விரும்புவதில்லை என்பதும் உண்டு.

கடைசியாக, சேறு. வரத்தை இன்றே சுத்தம் செய்தாலும் பழைய ஏரி உடனே தெளிந்துவிடாது. அடியில் படிந்த பாஸ்பரஸ், கோடையில் அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்ததும் மீண்டும் கரைந்து மேலே வரும். ஆழமில்லாத ஏரிகளில் இது பத்து இருபது ஆண்டுகள்கூட நீடிக்கும். சியாட்டில் நகரத்தின் வாஷிங்டன் ஏரி 1960களில் கழிவுநீரைத் திருப்பிவிட்ட சில ஆண்டுகளிலேயே மீண்டது, ஆனால் அது ஆழமான ஏரி. "அடுத்த வருடம் சுத்தம் செய்யப்போகிறார்கள்" என்று விற்பவர் சொன்னால் ஆழம் எத்தனை மீட்டர் என்று கேளுங்கள்.

துடுப்பு:

பெரியவரோடு ஒரு சின்னச் சண்டை. தட்டு ஆழத்தில் தெரிந்தால் மகிழ்ச்சி என்கிறார். அமில மழையில் செத்துப்போன ஏரியும் பளிங்காகத்தான் இருக்கும். ஈ.கோலி கண்ணுக்குத் தெரியாது. வட அமெரிக்க ஏரிகளில் வரிச்சிப்பி புகுந்து நீரை வடிகட்டித் தெளிவாக்கியது, ஆனால் அது நல்ல பாசியைத் தின்றுவிட்டு நச்சுப்பாசியைத் துப்பிவிடுவதால் சில இடங்களில் நச்சு கூடியது. மறுபுறம், காட்டு இலைகளின் சாயம் இறங்கிய தேநீர் நிற ஏரியைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் நல்ல தண்ணீரை விட்டுவிட்டுப் போகிறார்கள். அங்கே தட்டு ஒரு மீட்டரிலேயே மறையலாம்.

பழைய அளவுகோல்:

சண்டை ஏதும் இல்லை. தட்டு ஒன்றையே அளந்துவிட்டு வீட்டுக்குப் போகிறவரை நானும் நம்பமாட்டேன். அதனால்தான் பாதி என்றேன்.

படகுத்துறை:

நித்தியமல்லி சகோதரி, வீட்டிலேயே செய்ய இன்னொன்று. தண்ணீர் பச்சையாக இருந்தால் கையுறை போட்டுக்கொண்டு கண்ணாடிப் புட்டியில் முக்கால் அளவு பிடித்து, அசைக்காமல் ஓரிரவு குளிர்பெட்டியில் வையுங்கள். காலையில் பச்சை அடியில் படிந்திருந்தால் சாதாரணப் பாசியாக இருக்க வாய்ப்பு. மேலே வளையமாக மிதந்தால் நீலப்பச்சைப்பாசியாக இருக்க வாய்ப்பு அதிகம். குச்சியை விட்டு எடுக்கும்போது முடிக்கற்றையாகத் தொங்கினால் அது இழைப்பாசி, தொல்லை மட்டுமே. நச்சு உண்டா இல்லையா என்பதைப் புட்டி சொல்லாது, அதற்கு ஆய்வகம்தான்.

பால்சோறு:

நானும் சிறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஏரிக்கரையில் இருப்பவள். மேலே யாரும் சொல்லாத சில: ஆழமில்லாத, தாவரம் மண்டிய ஓரத்தில் நத்தைகள் இருக்கும். நீர்ப்பறவைகளின் ஒட்டுண்ணி நத்தைக்குள் வளர்ந்து, அதன் குஞ்சுகள் தவறிப்போய் மனிதத் தோலில் நுழைந்து செத்துவிடும். ஆபத்தில்லை, ஆனால் இரவெல்லாம் அரிப்பு. முழங்கால் ஆழத்தில் நாளெல்லாம் விளையாடும் சின்னப் பிள்ளைக்குத்தான் அதிகம் வரும். கரையேறிய உடனே துண்டால் அழுத்தித் துடைத்துவிடுங்கள். இந்த விஷயத்தில் உங்கள் நாணல் கரையும் அத்தனை உத்தமமில்லை.

மணலையும் கவனியுங்கள். கரையோர ஈரமணலில் கிருமி, பக்கத்திலுள்ள தண்ணீரில் இருப்பதைவிடப் பல மடங்கு இருக்கக்கூடும். மணல் வீடு கட்டிய கையோடு தின்பண்டம் கூடாது. பெருமழைக்குப் பிறகு ஓரிரு நாள் யாரையும் நீரில் இறக்குவதில்லை, எங்கள் வீட்டில் அது சட்டம். மாமியாருக்கு நோய் எதிர்ப்புச் சக்தி குறைவு என்றால் அவருக்கும் அதே சட்டம். ஏரி மீனைத் தினமும் சாப்பிடும் எண்ணம் இருந்தால், பெரிய மீன்களில் பாதரசம் சேர்கிறது, அந்த ஏரிக்கு மீன் எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள்.

கணக்குப்பிள்ளை:

கொதிநீர் விஷயத்தில் சோதனைக்குழாய் சொன்னதை ஏற்கிறேன். என் பக்கத்தை இன்னும் விடவில்லை: கூரை ஒழுகினால் தண்ணீர்த் தரத்தை நினைக்க நேரம் இருக்காது. ஆனால் கணக்காகவே பார்த்தாலும் ஒன்று இடிக்கிறது. கூரையை மாற்றலாம், தொட்டியைப் புதிதாகப் போடலாம், கிணற்றை ஆழப்படுத்தலாம். குடாவை எதுவும் செய்ய முடியாது. அமெரிக்காவின் மெய்ன் மாநில ஏரிகளை வைத்து 1990களில் செய்த ஆய்வு, நீரின் தெளிவு குறையக் குறையக் கரையோர வீடுகளின் விலையும் இறங்குவதைக் காட்டியது. நாளைக்கு விற்கும்போது அதே தட்டை இறக்கிப் பார்க்கிறவர் வருவார்.

நித்தியமல்லி:

பெருமழைக்கு மறுநாள் இரண்டு இடத்துக்கும் போய்வந்தோம். குடாவின் மூலையில் ஒரு வரத்து வாய்க்கால் இறங்குகிறது. வெயில் நாளில் காய்ந்து புல் மூடிக் கிடந்ததால் முன்பு கண்ணில் படவில்லை. அன்று செம்மண் நிறத்தில் ஓடியது, குடாவின் பாதி கலங்கியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மா, கோடையில் ஜன்னலைத் திறக்க முடியாத வாரங்கள் உண்டு என்று தானாகவே சொன்னார். திறந்த கரையில் நுரை ஒதுங்கியிருந்தது. அது என்ன என்று பயந்தேன்.

என் கணவர் இன்னும் புல்தரையை விடவில்லை. திறந்த கரையிலுள்ள அந்தப் பழைய வீட்டின் சொந்தக்காரரிடம் மூன்று நிபந்தனைகள் வைத்திருக்கிறேன்: கோடை முடியும் வரை முன்பணம் மட்டும், நாங்கள் தேர்ந்தெடுக்கும் ஆய்வகத்தில் கிணற்று நீரும் ஏரி நீரும் சோதனை, தொட்டியைத் திறந்து காட்டுவது. முதல் இரண்டுக்குத் தலையசைத்தார்.

சோதனைக்குழாய்:

நுரை பெரும்பாலும் இயற்கைதான். அழுகிய இலை தழைகளின் கரிமப் பொருள் காற்றில் அடிபட்டுப் பொங்குவது. பழுப்பேறி, மண்வாசனையோடு இருக்கும். தூய வெள்ளையாக, ஒட்டும் தன்மையோடு, கரையில் மேடாகக் குவிந்தால் அது வேறு. பிஎஃப்ஏஎஸ் எனும், எளிதில் சிதையாத செயற்கை வேதிப்பொருள்கள் நுரையில் செறிவதுண்டு. அப்படியானால் பிள்ளைகளின் கை படாமல் பார்த்துக்கொண்டு, சோதனைப் பட்டியலில் அதையும் சேர்க்கச் சொல்லுங்கள். கிணற்று மாதிரியை மழைக்குப் பிறகு எடுங்கள். புட்டியை ஆய்வகமே கொடுக்கட்டும், விற்பவர் கையில் கொடுத்தனுப்ப வேண்டாம்.

குழிவெட்டி:

மூன்றாவதற்குத் தலையசைக்கவில்லை அல்லவா. மூடி மண்ணுக்கு அடியில் எங்கேயோ இருக்கும், அவருக்கே தெரியாமல் இருக்கலாம். தோண்டும் கூலியை நீங்கள் தருவதாகச் சொல்லிப் பாருங்கள். திறக்கும் நாளில் வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் அரைமணி நேரம் ஓட விடச் சொல்லுங்கள். உறிஞ்சு நிலத்தில் ஈரம் மேலே ஊறுகிறதா, தொட்டிக்குள் தண்ணீர் திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும். தொட்டியை முதல் நாளே காலி செய்து வைத்திருந்தால் அந்தச் சோதனை செல்லாது.